நீரின் ஆழம் தெரியும் படம்

பூநாரைக் கூட்டத்தைக் கிளப்பிப் பறக்கவிட்டுப் படம் எடுக்க அரை மணி நேரம் போதும். அவை நிற்கிறபடியே நிற்க, மேய்கிறபடியே மேய, நான் அங்கே கிடப்பதை ஒரு பொருட்டாக எண்ணாத ஒரு படம் எடுக்க எனக்கு ஏழு மாரி போனது.

பரந்தனில் இருந்து முல்லைத்தீவு வீதியால் வந்து, முரசுமோட்டைப் பக்கம் வடக்கே திரும்பினால் வயல். ஊரியான், கண்டாவளை என்று வயல் வயலாகப் போய், கடைசி வரம்போடு நெல் நின்றுவிடும். அதற்கப்பால் தரவை. புல்லும் உமரியும் உவர்மண்ணுமாக, ஆளை மறைக்க ஒரு பற்றைகூட இல்லாத வெளி. தரவை எங்கே முடிகிறது, ஆனையிறவுப் பரவைக்கடல் எங்கே தொடங்குகிறது என்பதை மாதத்துக்கு மாதம் தண்ணீர்தான் தீர்மானிக்கும். வவுனியாப் பக்கத்தில் பிறந்து, இரணைமடுவை நிரப்பி, மிச்சத்தோடு எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு வரும் கனகராயன் ஆறு இந்தப் பரவைக்கடலில்தான் விழுகிறது. 2018 மார்கழியில் இரணைமடுவின் வான்கதவுகள் திறந்தபோது வயலும் வளவும் தரவையும் ஒரே தண்ணீராக நின்றதை ஊரில் ஒருவரும் மறக்கவில்லை. ஆடி, ஆவணியில் அதே இடத்தில் பாளம் பாளமாக வெடித்த சேறும் அதன்மேல் உப்புப் பூத்த வெள்ளையுமாகக் கிடக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே, ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரைக்கும், பறவைகளின் காலம்.

கிழக்கே சுண்டிக்குளம் 1938இலேயே பறவைகள் சரணாலயம் ஆகிவிட்டது. 2015இல் தேசியப் பூங்காவாக உயர்த்தினார்கள். எல்லைப் பலகைக்கு இந்தப் பக்கமும் அதே தண்ணீர்தான் என்பதால் பூங்காவுக்கு வரும் விருந்தாளிகளில் பாதிப்பேர் எங்கள் தரவையிலும் இறங்குகிறார்கள். மத்திய ஆசியாவின் வலசைப் பாதை இந்தத் தீவோடு முடிகிறது. நேர் தெற்கே போனால் அந்தாட்டிக்கா வரை பெருநிலம் கிடையாது. வடக்கே இருந்து பாக்குநீரிணை தாண்டி வரும் பறவைக்கு முதலில் தட்டுப்படும் ஆழமற்ற தண்ணீர்களில் ஒன்று எங்களுடையது. ஊசிவால் தாராவும் நாமத்தலைத் தாராவும் ஆயிரக்கணக்கில் மிதக்க, ஓரத்தில் கொசு உள்ளான்கள் பொரி இறைத்தது போல ஓடித் திரியும். 2021இல் மன்னாரில் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு கடற்காகத்தின் முதுகில் செய்மதிக் கருவி பொருத்தி, மேகா என்று பெயரிட்டு விட்டார்கள். அது ரஷ்யாவின் வட விளிம்பில் உள்ள யமால் தீபகற்பம் வரை போனது. அந்தக் கணக்கைப் படித்த பிறகு, வயல் வரம்பில் நின்று மூக்கால் சிறகு கோதும் ஒரு சாதாரண உள்ளானைக் கமராவுக்குள் பார்க்கும்போதுகூட என் கை கொஞ்சம் மரியாதையோடுதான் அசைகிறது.

இனி வெளிச்சம். என்னை இந்தக் கலைக்குள் இழுத்தது பறவை இல்லை, எங்கள் தரவையின் வெளிச்சம். கலியாண வீட்டில் படம் எடுப்பவர் மணப்பெண்ணின் நாடிக்குக் கீழே நிழல் விழாதிருக்க வெள்ளை ரெஜிபோம் தட்டு ஒன்றைத் தாழப் பிடிக்கச் சொல்வார், பார்த்திருப்பீர்கள். கண்டாவளைத் தரவையில் அந்தத் தட்டை நிலமே பிடித்துக்கொண்டிருக்கிறது. உவர்மண்ணின் வெள்ளையும் சாணளவுத் தண்ணீரும் காலை வெயிலை வாங்கி மேலே எறிகின்றன. காட்டுக்குள் எடுத்த பறவைப் படங்களில் வயிறும் சிறகின் அடியும் கறுத்துக் கிடக்கும். இங்கே தலைக்கு மேலால் பறக்கிற ஆலாவின் அடிச்சிறகு, உள்ளே விளக்குக் கொளுத்தி வைத்தது போல ஒளிரும். ஒவ்வொரு இறகின் தண்டும் எண்ணக்கூடியதாகத் தெரியும். இதற்காக எந்தக் கருவியும் வாங்கத் தேவையில்லை. விடிய ஆறரைக்கும் எட்டுக்கும் இடையில் அங்கே இருந்தால் போதும்.

எட்டரைக்குப் பிறகு கானல். தூரக்கண்ணாடி லென்ஸ் வைத்திருப்பவர்களின் பெரிய எதிரி அதுதான். சூடேறிய நிலத்துக்கு மேல் காற்று படை படையாக நடுங்க, நூறு மீற்றருக்கு அப்பால் நிற்கும் நாரை தண்ணீருக்குள் கிடக்கும் துணி போல நெளியும். எத்தனை இலட்சம் கொடுத்து வாங்கிய லென்ஸும் அதைத் தீர்க்காது. தொடக்கத்தில் என் கமராவில் ஏதோ பழுது என்று நினைத்துத் திருத்துவதற்குக் கொண்டு திரிந்தேன். காற்றின் குணம் என்று விளங்க ஒரு முழு மாரி எடுத்தது.

அடுத்தது வெள்ளை. கமராவுக்குள் இருக்கும் ஒளியளவி உலகத்தில் உள்ள எல்லாமே நடுச்சாம்பல் நிறம் என்று நம்புகிறது. வெள்ளை மண்ணில் வெள்ளைப் பறவை நின்றால், ‘இவ்வளவு வெளிச்சம் ஆகாது’ என்று தானாகவே குறைத்துவிடும். படத்தில் பூநாரை அழுக்குத் துணி நிறத்தில் வரும். அப்போது நாங்கள் வேண்டுமென்றே ஒரு படி கூட்ட வேண்டும். கூட்டினால் மண் வெளிறும், கூட்டாவிட்டால் பறவை மங்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மயிரிழை இருக்கிறது. பெரும் பூநாரையின் வெள்ளை, கொக்கின் வெள்ளை அல்ல. பாலில் ஒரு துளி செம்பரத்தம்பூச் சாறு விட்டது போன்ற வெள்ளை. அது தின்னும் நுண்ணிய இறாலினத்திலும் பாசியிலும் உள்ள சாயம்தான் உடலில் ஏறுகிறது. இளம் குஞ்சுகள் சாம்பலாகத்தான் இருக்கும். அந்தத் துளிச் சிவப்புக் கெடாமல் வெள்ளையைப் பிடித்த படத்தைக் கண்டால், எடுத்தவர் யாரானாலும் எழும்பி நின்று கும்பிடலாம்.

காற்றும் வெயிலும் சேர்ந்து போடும் கணக்கு இன்னும் அழகானது. பறவைகள் காற்றுக்கு முகம் கொடுத்துத்தான் நிற்கும், காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். மார்கழி, தையில் வீசுவது வாடை, வடகிழக்கில் இருந்து. அதே மாதங்களில் சூரியன் தென்கிழக்கில் சரிந்து எழும்பும். பரவைக்கடலின் தென்கரையில், அதாவது எங்கள் ஊர்ப் பக்கத்தில், வடக்கே பார்த்துப் படுத்திருப்பவனுக்கு வெயில் வலது தோளுக்குச் சற்றுப் பின்னால் இருக்கும். பறவைகள் எல்லாம் வலப்பக்கம் முகம் வைத்து, கண்ணில் வெயில் விழ, பக்கத்தோற்றம் முழுதும் தெரிய நிற்கும். கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம் விழுந்தால்தான் படத்தில் பறவைக்கு உயிர். அந்தப் பொட்டை எங்கள் கரையில் இயற்கையே வைத்துவிடுகிறது. ஏ9 வீதியால் வருகிறவர்கள் ஆனையிறவில் வாகனத்தை நிறுத்தி, காலையில் கிழக்கே பார்த்து எடுத்துவிட்டு, எல்லாம் கறுப்பு உருவமாக வந்துவிட்டதே என்று கவலைப்படுவார்கள். அவர்கள் அந்தியில் வந்திருக்க வேண்டும். ஆனால் அந்தியில் வெயில் மேற்கே, காற்று கிழக்கே. இறங்குகிற பறவையெல்லாம் வாலைத்தான் காட்டும். தைமாதக் காலையில் கண்டாவளைக் கரை, அவ்வளவுதான் நான் சொல்வேன்.

ஆனால் கரை கிடைத்தாலும் கிட்டப் போகவேண்டுமே. முதல் இரண்டு மாரி நான் செய்த பிழையை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். கமராவைத் தூக்கிக்கொண்டு நேராக நடந்தேன். கூட்டம் தலை நிமிர்த்தும், நான் இன்னும் நடப்பேன். தண்ணீருக்கு மேல் ஓடி ஓடி அவை எழும்பும்போது, மூடியிருந்த சிறகின் செஞ்சிவப்பும் கறுப்பும் ஒரேயடியாக விரியும். அந்த நிறத்துக்கு மயங்கித்தான் திரும்பத் திரும்பப் போனேன். ஒருநாள் வீச்சுவலையோடு நின்ற ஒரு வயதான அப்பு கூப்பிட்டார்.

“தம்பி, இஞ்ச வாரும். நீர் நிமிந்து நடந்து போறீர். நிமிந்த மனிசன் எண்டால் அதுகளுக்குத் துவக்குத்தான். நாலு மாசம் பறந்து வந்ததுகள், இருந்து தின்ன விடாமல் ஏன் கிளப்புறீர்?”

“கிட்டப் போகாமல் எடுக்கேலாது அப்பு.”

“ஆர் போகவேண்டாம் எண்டது? குந்தும். மாடு மேயிற மாதிரி சரிஞ்சு சரிஞ்சு போம். நேர பாத்துக்கொண்டு போகாதையும். பாக்கிறவனைத்தான் அதுகள் எண்ணும்.”

இங்கிலாந்தில் கியர்ட்டன் சகோதரர்கள் என்று இருவர் இருந்தார்கள். 1900ஆம் ஆண்டளவில் ஒரு மாட்டுத்தோலை உள்ளே கோதாக்கி, அந்தப் பொய் மாட்டுக்குள் நின்று பறவைகளைப் படம் எடுத்தவர்கள். பறவைப் படக்கலையின் முன்னோடிகள் என்று அவர்களைக் கொண்டாடுவது வழக்கம். மாடு போலப் போ என்ற பாடத்தை எனக்குச் சொன்னது அந்தப் புத்தக வரலாறு அல்ல, முழங்காலளவுத் தண்ணீரில் நின்ற ஓர் அப்பு. எங்களுக்குப் பொய் மாடும் தேவைப்படவில்லை. தரவையில் உண்மை மாடுகளே காலையில் இறங்கும். எருமைகள் தண்ணீர்க்கரை வரை போய், பறவைகளுக்கு நடுவே நிற்கும். அவற்றின் பின்னால், அவற்றின் வேகத்தில், உமி நிரப்பிய உரப்பை ஒன்றை இழுத்துக்கொண்டு நகர்வேன். கடைசி ஐம்பது மீற்றர் வயிற்றால். உரப்பை மேல் லென்ஸை வைத்துச் சேற்றோடு சேறாகக் கிடந்தால் கமராவின் கண்ணும் பறவையின் கண்ணும் ஒரே மட்டத்துக்கு வரும். முன்னால் உள்ள சேறும் பின்னால் உள்ள தண்ணீரும் புகையாகக் கரைந்து பறவை மட்டும் நிற்கும்.

இத்தனையும் செய்து முடிக்கும் நேரம் பார்த்து ஆட்காட்டி வரும். யார் இதற்குப் பெயர் வைத்தாரோ அவர் என்னைப் போலச் சேற்றில் கிடந்தவராகத்தான் இருக்க வேண்டும். தலைக்கு மேல் சுற்றிச் சுற்றி, ஆள் கிடக்குது என்று தரவை முழுக்கச் சொல்லும். அப்போது அசையக் கூடாது. இருபது நிமிடம், சில நாளில் முக்கால் மணி நேரம். அது களைத்துப் போய் இறங்கிய பிறகுதான் மற்றப் பறவைகளின் கழுத்து ஒவ்வொன்றாகத் தாழும். அந்தத் தாழ்தல்தான் படத்துக்கான அனுமதி.

அதனால் ஒரு படத்தைப் பார்த்ததும் அதற்குள் பயம் இருக்கிறதா என்றுதான் இப்போது முதலில் தேடுகிறேன். எல்லாக் கழுத்தும் ஒரே உயரத்தில் நீண்டிருக்கிறதா? எல்லா உடலும் கமராவுக்கு எதிர்த்திசையில் திரும்பியிருக்கிறதா? சிறகு விரிந்த விரிப்பு, காற்றுக்கு இறங்கும் விரிப்பா, ஓடித் தப்பும் விரிப்பா? இதைப் படிக்கப் பழகிவிட்டால், பரிசு வாங்கிய பல படங்கள் மனதுக்குள் சுருங்கிப்போகும். நூறு பூநாரைகள் செம்மேகமாக எழும்பும் படத்தின் ஓரத்துக்கு வெளியே ஒரு கல்லோ ஒரு ட்ரோனோ இருந்தது எனக்குத் தெரிந்துவிடும். இறகு எண்ணத் தெரியாதவர்கூட மனிசனின் நிழல் விழாத படத்தை உணர்ந்துகொள்வார். அதில் ஒரு கழுத்து வளைந்து அலகு தலைகீழாகத் தண்ணீருக்குள் இருக்கும். ஒன்று ஒற்றைக்காலில் தூங்கும். ஒன்று பக்கத்துப் பறவையோடு ஏதோ வழக்காடும். ஒழுங்கற்று, அவரவர் பாட்டில் இருக்கும் கூட்டம்.

நெருங்கி எடுத்த முகப்படங்களில் எனக்கு முன்பு பெரிய மோகம். இறகு இறகாகத் தெரிய வேண்டும், கண்மணியில் என் உருவம் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். அந்த மோகத்தில் இருந்து என்னை விடுவித்தவர் மா.கிருஷ்ணன். எழுத்தாளர் அ.மாதவையாவின் கடைசிப் பிள்ளை. 1912இல் பிறந்து 1996இல் மறைந்தவர். ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950 தொடங்கிக் கடைசி மூச்சுவரை இயற்கை பற்றிய பத்தி எழுதியவர், தமிழிலும் எழுதியவர். வெவ்வேறு கமராக்களின் பாகங்களைப் பொருத்தித் தானே உருவாக்கிய ஒரு பூதத்துக்கு ‘சூப்பர் பொண்டரோசா’ என்று பெயரிட்டு, கறுப்பு வெள்ளையில் மட்டும் எடுத்தார். அவருடைய யானை தனியாக யானையாக வராது. அது தின்ற மூங்கிலும், நின்ற சரிவும், அன்றைய வெளிச்சமும் சேர்ந்தே வரும். அச்சில் அந்தப் படங்களைப் பார்த்தபோது, என் பறவைகள் எந்த ஊரில் நிற்கின்றன என்று என் படங்களைப் பார்த்து ஒருவரும் சொல்ல முடியாது என்பது உறைத்தது. முகத்தை மட்டும் வெட்டி எடுத்த நாரை கண்டாவளையில் நின்றால் என்ன, கண்ணாடிக் கூண்டுக்குள் நின்றால் என்ன? தஞ்சாவூரில் 1932இல் பிறந்து பெங்களூரில் வாழ்ந்து 2017இல் மறைந்த டி.என்.ஏ.பெருமாளின் படங்களும் எனக்கு வேறொரு பாடம். பிலிம் காலத்தில் ஒரு சுருளில் முப்பத்தாறு படம்தான். விரலை அழுத்துவதற்கு முன் மனதுக்குள் படம் முடிந்திருக்க வேண்டும். இப்போது நொடிக்கு இருபது படம் எடுக்கும் கமரா என் கையில். ஆனாலும் காலைக்கு முப்பத்தாறு என்று எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். மீறுவது உண்டு, ஊசிவால் தாரா இறங்கும்போது மட்டும்.

அரிய பறவை என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொழும்பில் இருந்து ஒரு முறை வந்த படக்காரர்கள் வயல் வேலிக் கம்பியில் இருந்த ஒரு கறுப்புக் குருவியைக் கண்டு வாகனத்தை நிறுத்தி இறங்கி ஓடினார்கள். எங்கள் கரிக்குருவி. மாட்டு முதுகில் சவாரி செய்து வெட்டுக்கிளி பிடிக்கும், காகத்தைத் துரத்தி அடிக்கும், ஊரில் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அது இலங்கையில் வடக்கு, வடமேற்குக் கரையோர வரண்ட நிலத்தில்தான் வாழ்கிறது, தெற்கில் இருப்பது வெள்ளை வயிற்றுக் கரிக்குருவி என்று அவர்கள் சொல்லித்தான் நான் அறிந்தேன். அன்றைக்குப் பின் அதையும் எடுக்கத் தொடங்கினேன். பூநாரைக்கு நேர்மாறான சோதனை அது. கறுப்பைக் கண்டால் ஒளியளவி வெளிச்சத்தைக் கூட்டிச் சாம்பலாக்கும், நாங்கள் ஒரு படி குறைக்க வேண்டும். சரியாக வந்தால் அந்தக் கறுப்புக்குள் நீலமும் கரும்பச்சையும் எண்ணெய் போல ஓடும். பூநாரையை விட அந்தப் படத்தில் எனக்குப் பெருமை அதிகம்.

தரவையில் பழகிய கண் கடலுக்குப் போனால் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கிறது. எங்கள் கிளிநொச்சி மாவட்டத்துக்கென்று கடலில் இரட்டைத் தீவு ஒன்று உண்டு, இரணைதீவு. 1992இல் இடம்பெயர்ந்த மக்கள், 2018 சித்திரையில் தாங்களே படகேறிப் போய்த் தங்கள் மண்ணில் இறங்கிய தீவு. இரணைமாதா நகரில் இருந்து மீனவர்களின் பைபர் படகில்தான் போகவேண்டும். தரையில் நான் அசைவேன், பறவை நிற்கும். படகில் பறவை, நான், தண்ணீர், மூன்றும் அசையும். கமராவை எதிலும் ஊன்றக் கூடாது, ஊன்றினால் இயந்திரத்தின் நடுக்கம் ஏறும். முழங்காலைத் தளர்த்தி, அலை இடுப்போடு முடிந்துபோக விட்டு, தோளை மட்டும் அசையாமல் வைத்திருக்க வேண்டும். இதற்கு உடம்பு பழக இரண்டு பயணம் தேவை. கடலாமை மூச்சு வாங்கத் தலை காட்டும் நேரம் ஒரு நொடியோ இரண்டோ. தலை தெரிந்த பிறகு கமராவை எடுத்தால் வட்டமாக விரியும் அலைதான் படத்தில் மிஞ்சும். படகோட்டி அண்ணை தண்ணீரின் நிறத்தைப் பார்த்து, “இதில சாதாளை கிடக்கு, பொறுத்து நில்லும்” என்பார். கீழே கடற்புல் மேடு இருந்தால் ஆமை வரும். ஆவுளியா என்று இந்தக் கடலோரம் சொல்லும் கடற்பசுவுக்கும் அந்தப் புல்தான் சோறு. அதை நான் இன்னும் கண்டதில்லை. கண்டவர்கள் கதை சொல்லும்போது குரலைத் தாழ்த்துகிறார்கள்.

அப்பால் தலைமன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் நடுவே ஆதாம் பாலத்து மணல்தீடைகள். 2015இல் சுண்டிக்குளத்தோடு சேர்த்து அவையும் தேசியப் பூங்கா ஆயின. மரமில்லை, குடிதண்ணீரில்லை, வெறும் மணல். அந்த மணலில் ஆலாக்கள் கூடு கட்டாமல் முட்டை இடுகின்றன. படம் எடுப்பவனின் ஆசை முழுதும் அங்கேதான் போய் நிற்கும், எனக்கும்தான். ஆனால் ஆலா முட்டையில் இருப்பது சூடாக்க மட்டும் அல்ல, நிழல் கொடுக்கவும். ஒருவன் காலடி வைத்துத் தாய்ப்பறவை எழும்பினால் நடுப்பகல் வெயில் முட்டையைச் சில நிமிடத்தில் அவித்துவிடும். கூட்டுப் படங்களை இன்று பல போட்டிகள் ஏற்பதில்லை, அது மிகச் சரி. எரிக் ஹொஸ்கிங் என்ற பெரும் கலைஞர் 1937இல் ஆந்தைக் கூட்டுக்குக் கிட்டப் போய் ஒரு கண்ணையே இழந்தார். அதன் பிறகும் ஒற்றைக் கண்ணோடு அரை நூற்றாண்டு படம் எடுத்தார் என்பது அவரது பெருமை. ஆனால் அந்த ஆந்தையின் பக்கம் நியாயம் இருந்தது. மணல்தீடையை நான் படகில் இருந்து, தூரத்தில் இருந்துதான் எடுத்திருக்கிறேன். கீழே ஒரு வெள்ளைக் கோடு மணல், மேலே புள்ளி புள்ளியாக ஆலாக்கள், மிச்சமெல்லாம் கடலும் வானமும். அந்தத் தூரம் அந்தப் படத்துக்கு வேண்டும்.

எங்கள் கரையிலும் ஒரு தூரம் பல வருடம் கட்டாயமாக இருந்தது. நல்ல வெளிச்சம் விழும் ஒரு வளைவு சிவப்பு மண்டையோட்டுப் பலகைக்கு அப்பால் கிடந்தது. கண்ணிவெடி அகற்றுபவர்கள் முட்டுக்காலில் இருந்து சாண் சாணாக மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்கள், பறவைகள் அவர்களுக்குப் பக்கத்திலேயே மேய்ந்துகொண்டிருந்தன. அதற்கும் முந்திய போர்க்காலத்தில் இங்கே கமரா பற்றிய நினைப்பே கிடையாது. பொருளாதாரத் தடைக்குள் பற்றரிக்கே வழியில்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட வன்னி. 1991இலும் 2000இலும் ஆனையிறவில் நடந்த சண்டைகளுக்கு நடுவேயும் மார்கழி வந்தது, தாராக்களும் வந்திருக்கும். அந்தக் கால் நூற்றாண்டின் பூநாரைகளுக்கு எங்கள் ஊரில் ஒரு படம்கூட இல்லை. அப்புவைப் போன்றவர்களின் நினைவில்தான் இருக்கின்றன. அதனாலேயே இப்போது எடுக்கும் ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் திகதி, காற்று, தண்ணீர் நின்ற இடம் மூன்றையும் எழுதி வைக்கிறேன்.

தண்ணீர் நின்ற இடம் முக்கியம். இந்தப் பரவைக்கடலை நன்னீர் ஏரியாக்கி யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு கொண்டு போகலாம் என்று பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் 1954இல் திட்டம் வரைந்தார். வேலை தொடங்கி முடியாமல் நின்றது, பேச்சு இன்றுவரை நிற்கவில்லை. உவர்க்கிணற்றில் தண்ணீர் அள்ளும் குடாநாட்டுச் சனத்தின் தாகத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. அதோடு தெற்கே பூந்தலவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். மேலிருந்த நீர்ப்பாசனத் திட்டத்தின் நன்னீர் அங்கே களப்புக்குள் இறங்க, உவர் குறைய, ஒருகாலத்தில் கூட்டம் கூட்டமாக நின்ற பூநாரைகள் இடத்தை விட்டுப் போய்விட்டன. உப்பும் நன்னீரும் மாறி மாறி ஆளும் தண்ணீரில்தான் அவற்றின் சாப்பாடு விளைகிறது. எந்தத் திட்டம் வரைபவரும் ஒரு தைமாதக் காலையில் எங்கள் கரையில் இரண்டு மணி நேரம் குந்தியிருந்துவிட்டு வரைய வேண்டும் என்பது என் ஆசை.

ஏழாவது மாரியில் வந்த அந்தப் படம் இதுதான். மேல் மூன்றில் ஒரு பங்கு வெளிறிய வானம், நடுவே தண்ணீர், கீழே ஈரச் சேறு. சேற்றில் கொசு உள்ளான்கள். அடுத்து, கணுக்காலளவில், பவளக்கால் உள்ளான்கள், சிவப்புக் குச்சி நட்டது போல. அதற்கும் அப்பால் நாற்பதுக்குக் கிட்டப் பூநாரைகள், பாதி தூக்கத்தில், பாதி மேய்ச்சலில். ஒன்றுகூட என்னைப் பார்க்கவில்லை. பங்குனியில் புளியம்பொக்கணை நாகதம்பிரான் பொங்கலுக்கு ஊரே திரண்ட நாட்களில், தரவையில் கூட்டம் மெலியத் தொடங்கியிருந்தது. பெரிய தாளில் பிரதி போட்டு அப்புவிடம் கொண்டுபோனேன்.

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, படத்தை மடியில் வைத்து, நெடுநேரம் பார்த்தார். நிறத்தைப் பற்றியோ பறவையைப் பற்றியோ எதுவும் சொல்லவில்லை. உள்ளான்களின் காலில் விரலை வைத்தார். அங்கிருந்து விரலை மெல்ல நகர்த்திப் பூநாரைகளின் காலுக்குக் கொண்டுபோனார்.

“இதில சாண் தண்ணி. இதில முழங்கால்.” விரல் வலப்பக்கம் போய், கூட்டத்தில் இருந்து விலகி, வயிறு நனைய நின்ற மூன்று பறவைகளில் நின்றது. “இந்த மூண்டும் நிக்கிற இடம் பழைய ஆத்துவாய். வெள்ளத்தோட தூந்துபோச்சு எண்டெல்லோ நினைச்சனான். தூரேல்லை. பாரும், அதுகள் நீந்தப் பாக்குது.”

வலையை எங்கே போட்டிருந்தது என்று வீட்டுக்குள் கேட்டுக்கொண்டே எழும்பினார்.